க்ரூசெல் புலம்பெயர்ந்த கலைஞரா, இல்லையா?

ஜனவரி 9 (வாசகர் ஒருவரின் கேள்வி)

பெர்ன்ஹார்ட் ஹென்ரிக் க்ரூசெலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "பின்லாந்திலிருந்து சுவீடனுக்குப் புலம்பெயர்ந்தவர்" என்றே ஆரம்பிக்கிறார்கள். 1791இல் அவர் ஸ்டாக்ஹோம் போனபோது பின்லாந்து என்று ஒரு தனி நாடே இல்லை. சுவீடன் மன்னர் ஆண்ட கிழக்குப் பகுதி, அவ்வளவுதான். சிற்றூரிலிருந்து தலைநகருக்கு வேலைக்குப் போன பையனைப் புலம்பெயர்ந்தவர் என்று எப்படிச் சொல்லலாம்? இன்னொன்று: அவர் கிளாரினெட் கலைஞர். அதோடு விடாமல் இசையமைப்பாளர், இசைக்குழு நடத்துநர் என்று ஏன் நீட்டிக்கொண்டே போகிறீர்கள்?

ஜனவரி 9, இரவு

வரைபடத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. 1791இல் அவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. ஆனால் கேள்வியை அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 1808இல் ரஷ்யப் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 1809 செப்டம்பரில் ஹமினா உடன்படிக்கை கையெழுத்தானபோது பின்லாந்து மொத்தமும் ரஷ்யப் பேரரசரிடம் போய்விட்டது. அன்று க்ரூசெலுக்கு வயது 33. ஸ்டாக்ஹோமில் வேலை, குடும்பம், பெயர் எல்லாம் இருந்தது. பிறந்த ஊர் மட்டும் வேறு அரசின் கீழ். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலே ஒரு மனிதர் அயல்நாட்டில் பிறந்தவர் ஆகிவிட்டார். 1791க்குப் பிறகு அவர் பின்லாந்து மண்ணை மிதிக்கவே இல்லை.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக்ஹோமுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. பகலில் கணினி வேலை, சாயங்காலம் கிளாரினெட். வட்டார அமெச்சூர் பேண்டு ஒன்றில் இரண்டாம் கிளாரினெட் வாசிக்கிறேன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் என் ஆசிரியர் ஸ்டாண்டில் எடுத்து வைத்தது க்ரூசெலின் டூயட் புத்தகம். அவர் முதல் பாகம், நான் இரண்டாம் பாகம். சுவீடிஷ் ஒரு வார்த்தையும் எனக்குச் சரியாக வராத நாட்கள் அவை. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லாமல் இருந்தது.

ஜனவரி 10

காலையில் ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். நன்றி, தவறு என்னுடையது. 1791க்குப் பிறகு போகவே இல்லை என்று எழுதினேன். ஒரு தடவை போயிருக்கிறார். 1801இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பும் வழியில், ஜூலை 7 அன்று ஹெல்சின்கியிலும் ஜூலை 30 அன்று துர்குவிலும் வாசித்திருக்கிறார். துர்குவில் ஃப்ரெட்ரிக் லித்தாண்டர் என்ற பியானோ கலைஞர் உடன் இருந்தார். அந்த ஒரு தடவைதான். அப்போது அது இன்னும் சுவீடன்.

ஆக, ஊருக்குப் போனபோது அது அயல்நாடு இல்லை. அயல்நாடு ஆன பிறகு அவர் போகவில்லை. நேற்று எழுதியதைவிட இது இன்னும் கனமாக இருக்கிறது.

ஜனவரி 11

பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபின்னிஷில் ஊசிகௌபுங்கி, சுவீடிஷில் நீஸ்தாத். இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: புதூர். தென்மேற்குக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுகம். 1775 அக்டோபர் 15 அன்று அங்கே பிறந்தார். அப்பா புத்தகம் கட்டும் தொழிலாளி, வீட்டில் வறுமை.

அவரே எழுதி வைத்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சம்பவம் வருகிறது. நான்கு வயதில், ஊரில் ஒருவர் மாலையில் புல்லாங்குழல் வாசிப்பதைக் கேட்டு, தெருவில் அந்த வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்துவிட்டான் பையன். வீட்டில் தேடு தேடென்று தேடிக் கண்டுபிடித்துத் திட்டினார்கள். மறுநாளும் அதே சுவர். இந்தத் தடவை அடி விழுந்தது. அதற்கும் அசரவில்லை. கடைசியில் பெற்றோர் விட்டுவிட்டார்கள்: குழல் நின்றால் பையன் தானாக வீட்டுக்கு வந்துவிடுவான்.

எட்டு வயதில் குடும்பம் ஹெல்சின்கிக்கு வடக்கே நூர்மியார்விக்குக் குடிபோனது. அங்கே நண்பனின் கிளாரினெட்டைக் கேள்வியறிவிலேயே வாசிக்கப் பழகினான். பிறகு படைப்பிரிவு பேண்டில் இருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார். 13 வயதில், அதாவது 1788இல், ஸ்வேயாபோரி கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மேஜர் வாலென்ஷார்னா என்பவர் பையனின் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய், பேண்டில் சேர்த்துக்கொண்டு தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 1791இல் மேஜருக்கு ஸ்டாக்ஹோமுக்கு மாற்றம். பையனும் கூடவே போனான்.

அந்தக் கோட்டைக்கு இன்று சுவோமென்லின்னா என்று பெயர். ஹெல்சின்கி சந்தைத் துறையிலிருந்து படகில் கால் மணி நேரம். நான் போனது ஒரு நவம்பர் மாதம். சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை. கருங்கல் சுவர், ஈரம், கடல் காற்று. காதுமடல் விறைத்துப்போயிற்று. 13 வயதுப் பையன் விறைத்த விரல்களோடு இங்கேதானே ஸ்கேல் பயின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். 1808 மே மாதம் அந்தக் கோட்டை ரஷ்யர்களிடம் சரணடைந்தது. அவர் படித்த பள்ளிக்கூடம் என்றால் அதுதான்.

ஜனவரி 14

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நடத்துநர் என்றதும் நம் காதில் பஸ் விசில்தான் கேட்கிறது, அதை விடுங்கள். அவர் வாழ்க்கையில் முதலில் வந்த பொறுப்பே அதுதான். 1792இல், 17 வயதுகூட நிறையுமுன்பே, ஒரு படைப்பிரிவு பேண்டுக்குத் தலைவர். அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் கிளாரினெட் ஆனது அதற்கு அடுத்த வருடம். அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் வரலாறு 1526 வரை பின்னே போகிறது. அங்கே 40 வருடம், 1833 வரை முதல் நாற்காலி அவருடையது.

பேண்டு வேலையைச் சில்லறை வேலையாக எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1818 முதல் 1837 வரை கோடைதோறும் லின்ஷோப்பிங் என்ற ஊருக்குப் போய் அங்கிருந்த படைப்பிரிவுகளின் பேண்டுகளை நடத்தினார். ஏன் கோடை? அன்றைய சுவீடனில் பெரும்பாலான சிப்பாய்கள் முழுநேரப் படையினர் இல்லை. ஊருக்கு ஊர் குடிசையும் துண்டு நிலமும் கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள்; வருடத்தில் பெரும்பகுதி உழவு, கோடையில் கூடிப் பயிற்சி. படை கூடும்போதுதான் பேண்டும் கூடும். தலைநகரில் ஓபரா பருவம் முடிந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓய்வு வரும் நேரமும் அதுவே. குளிர்காலம் ஓபரா, கோடைக்காலம் பேண்டு. வருடத்தின் இரண்டு பாதியும் இப்படிப் பொருந்தி வந்ததால்தான் அவருக்கு அடுப்பெரிந்தது.

அந்த பேண்டுக்காக ரொஸ்ஸினி, ஷ்போர், வெபர் ஓபரா முன்னிசைகளை எல்லாம் காற்றுக் கருவிகளுக்கு மாற்றி எழுதினார். வயலின்கள் வாசிப்பதைக் கிளாரினெட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பக்கம் பக்கமாக, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக. ஓபரா அரங்கம் இல்லாத ஊரில் ஒரு உழவர் மகன் ரொஸ்ஸினியை முதல்முதலாக இப்படித்தானே கேட்டிருப்பான்?

ஜனவரி 15

"அப்படியானால் கன்செர்ட்டோ எழுதியது பொழுதுபோக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் இல்லை. அந்தக் காலத்துத் தனிக்கலைஞர் தன் கருவிக்குத் தானே எழுதிக்கொள்வார். எழுதியதைத் தானே மேடையில் வாசிப்பார், பிறகு பதிப்பாளரிடம் கொடுப்பார். கிளாரினெட்டுக்கு மூன்று கன்செர்ட்டோ (தனிக்கருவி முன்னே நிற்க ஆர்க்கெஸ்ட்ரா உடன் வாசிப்பது), நான்கு பேர் வாசிக்கும் குவார்ட்டெட் மூன்று, நான் சொன்ன டூயட்கள். கிளாரினெட், ஹார்ன், பாஸூன் என்ற மூன்று ஊதுகருவிகளுக்கும் சேர்த்து ஒரு கன்செர்ட்டாந்தே. எல்லாம் வாசிக்கிறவரின் விரலிலிருந்து வந்தவை. மேலிருந்து கீழ் ஸ்தாயிக்கு ஒரே தாவல் தாவச் சொல்வார். பார்த்தால் பயமாக இருக்கும். கை வைத்தால் விரல் தானாகப் போய் விழும். வாசிக்கத் தெரிந்தவர் எழுதியது என்று உடனே தெரிந்துவிடும்.

ஜனவரி 22

பாரிஸ் கதை தெரியுமா? 1803இல் பிரெஞ்சுத் தூதரின் நட்பால் அவருக்கு பாரிஸ் போக வாய்ப்பு வந்தது. புதிதாக வந்திருந்த கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் ழான் சாவியே லெஃபெவ்ரிடம் கிளாரினெட், கொஸ்ஸெக், பெர்த்தோன் இருவரிடமும் இசையமைப்பு. அப்போது அங்கிருந்த இத்தாலிய ஓபரா அரங்கம் முதல் கிளாரினெட் பதவியையே கொடுக்க முன்வந்தது. 27 வயதில், பாரிஸில்! மன்னர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃப் விடுப்பை நீட்டிக்க மறுத்துவிட்டார். திரும்ப வேண்டியதாயிற்று.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை அனுமதிக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடியவன் நான். ஒரு அலுவலகத்தில் யாரோ போடும் கையெழுத்து நம் அடுத்த பத்து வருடத்தை முடிவு செய்யும் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 23

நேற்று கோபத்தில் பாதிக் கதையைத்தான் எழுதியிருக்கிறேன். மீதியையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. விடுப்பு மறுக்கப்பட்டது உண்மை. ஆனால் அதே சமயம் படைப்பிரிவு இசைக்கலைஞர்களின் சம்பளம் உயர்த்தப்பட்டது, மெய்க்காவல் படை பேண்டின் தலைமையும் அவருக்குக் கிடைத்தது. அப்புறம்தான் திரும்புவது என்று முடிவெடுத்தார்.

கவனியுங்கள், அவரைத் திரும்ப இழுத்தது தனிக்கலைஞருக்கான மாலை மரியாதை இல்லை. பேண்டு! "நடத்துநர் என்று ஏன் நீட்டுகிறீர்கள்" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பாரிஸிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கிளாரினெட் கலைஞர்கள் நிறைய பேர் இருந்த ஊரில் இன்னொரு நல்ல கிளாரினெட் கலைஞர். ஸ்டாக்ஹோமில் அவர் இல்லாமல் வேலை நடக்காது. இது என் கருத்து மட்டும்தான்.

பிப்ரவரி 3

இன்று வேறு விஷயம். டிசம்பர் 13, லூசியா நாள் அன்று எங்கள் பேண்டு திறந்தவெளியில் வாசித்தது. பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. மரக் கருவிகள் வேண்டாம், பிளாஸ்டிக் கிளாரினெட் கொண்டுவருகிறோம் என்று இரண்டு பேர் சொன்னோம். நடத்தியவர் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் என் கருவியின் மேல்துண்டில், ட்ரில் சாவிகள் (துளையை மூடித் திறக்கும் உலோக மூடிகள்) மூடும் துளைகள் இரண்டுக்கும் நடுவே, முடி அளவுக்கு ஒரு கோடு. உள்ளே சூடான ஈர மூச்சு, வெளியே உறைந்த காற்று. உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கம் விரிய மறுக்கிறது. கருங்காலி போன்ற ஆப்பிரிக்க மரம், இரும்பு மாதிரி உறுதி. ஆனால் இந்த இழுபறியைத் தாங்காது. சத்தம்கூட வரவில்லை. திடீரென்று கீழ் சுரங்கள் காற்றாகப் போயின, அவ்வளவுதான். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ஒரு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் வைத்துக்கொண்டார்கள். நேற்றுதான் கைக்கு வந்தது. கோட்டின் மேல் விரலை ஓட்டினால் லேசாகத் தட்டுப்படுகிறது.

க்ரூசெல் வாசித்தது பாக்ஸ்வுட் மரத்தில் செய்த கருவி. மஞ்சள் நிறம், எடை குறைவு, மூட்டுகளில் யானைத் தந்த வளையம். அந்த மரத்தின் குறை வேறு: நாளடைவில் கோணிக்கொள்ளும். 1811இல் லைப்சிக் போய் குயூனெல் என்ற பதிப்பாளரோடு ஏற்பாடு செய்துகொண்டபோது, ட்ரெஸ்டனில் ஹைன்ரிக் கிரென்சரிடம் 11 சாவிகள் கொண்ட கிளாரினெட் ஒன்று வாங்கினார். அப்போது ஐந்து, ஆறு சாவிதான் சகஜம். சாவி குறைவாக இருந்தால் சில அரைச்சுரங்களுக்கு விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட வேண்டும், அந்தச் சுரங்கள் மூக்கடைத்த மாதிரி வரும். 11 இருந்தால் அந்த அரைச்சுரங்கள் நிறைய வரும் எஃப் மைனர் என்ற சுர வரிசையில் துணிந்து எழுதலாம். அவருடைய இரண்டாம் கன்செர்ட்டோ எஃப் மைனர்தான்.

இன்று நாம் வாசிக்கும் 17 சாவி போம் முறைக் கிளாரினெட் பாரிஸில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 1839இல். அவர் இறந்தது 1838 ஜூலை 28. ஒரே வருடத்தில் தவறிவிட்டது.

பிப்ரவரி 4

இன்று கருவியைச் சோதித்துப் பார்க்கும் சாக்கில் வேறொன்றும் செய்தேன். க்ரூசெல் ஆரம்ப காலத்தில் ரீடை மேல்பக்கம் வைத்து வாசித்தவர். பிறகு, 1800ஐ ஒட்டிய வருடங்களில், இப்போதைய வழக்கப்படி கீழ்ப்பக்கத்துக்கு மாறிக்கொண்டார். எப்படி இருக்கும் என்று மவுத்பீஸை அரைச்சுற்று திருப்பினேன். ரீட், அதாவது நாகஸ்வரக்காரர்கள் சீவாளி என்பதன் ஒற்றைப் பட்டை உறவுக்காரன், மேலுதட்டில் போய் உட்கார்ந்தது. மேலுதட்டைப் பல்லின் மேல் மடித்துக்கொண்டு ஊதினேன். நாக்கு ரீடைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. சுரத்தைப் பிரிக்க நெஞ்சிலிருந்து தள்ள வேண்டியிருந்தது. ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கிவிட்டது. ஆனால் ஒன்று: சத்தம் மென்மையாக, பாடுகிற மாதிரி வந்தது. கரகரப்பே இல்லை.

தொழிலில் பேர் எடுத்த பிறகு வாயின் பழக்கத்தையே மாற்றிக்கொள்வது என்ன லேசான காரியமா? நடக்கிற காலை மாற்றச் சொல்வது மாதிரி. 1798இல் பெர்லின் போய் ஃப்ரான்ஸ் டாவுஷிடம் சில மாதம் பயின்றார் என்பதையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஐந்து வருடமாக அரசவை முதல் கிளாரினெட்டாக இருந்தவர் மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 17

"உங்கள் க்ரூசெல் அந்த எஃப் மைனர் கன்செர்ட்டோவை யாருக்குக் காணிக்கையாக்கினார் என்று சொல்லவில்லையே?" என்று முதல் கேள்வி கேட்டவர் மடக்கியிருக்கிறார். சொல்கிறேன். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்ஸாண்டருக்கு. 1818இல் அச்சானது, ஓபஸ் 5, அதாவது படைப்பு எண் 5. பின்லாந்தைச் சுவீடனிடமிருந்து பறித்த அதே அலெக்ஸாண்டர்.

எனக்கும் இது நெருடல்தான். அன்றைக்குக் காணிக்கை என்பது தொழில் நடைமுறை. பெரியவர் பெயர் அட்டையில் இருந்தால் மோதிரமோ பணமுடிப்போ வரும், புத்தகமும் விற்கும். முதல் கன்செர்ட்டோ ஒரு சுவீடிஷ் கவுண்டுக்கு, மூன்றாவது இளவரசர் ஆஸ்காருக்கு. அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று விட்டுவிடலாம்.

பிப்ரவரி 18

விட முடியவில்லை. ராத்திரி திரும்ப யோசித்தேன். 1818இல் ஊசிகௌபுங்கியை ஆண்டது யார்? அலெக்ஸாண்டர். நூர்மியார்வியை? அலெக்ஸாண்டர். அப்பா புத்தகம் கட்டிய ஊர், குழல் கேட்ட சுவர், கிளாரினெட் கற்ற கோட்டை எல்லாம் அந்தப் பெயரின் கீழ் இருந்தன. எதிரி மன்னருக்கு ஒரு ஸ்டாக்ஹோம்காரர் எழுதிய காணிக்கை என்று பார்த்தால் ஒரு மாதிரி. தன் ஊரை ஆள்பவருக்கு ஒரு பின்லாந்துக்காரர் எழுதியது என்று பார்த்தால் வேறு மாதிரி. கடைசி வரை அவர் தன்னைப் பின்லாந்துக்காரராகவே எண்ணியிருந்தார். எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் மனதுக்கு ஒட்டுகிறது.

மார்ச் 2

மொழிபெயர்ப்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை! நாற்பதைத் தாண்டிய பிறகு அவர் செய்த பெரிய வேலை அது. இத்தாலிய, பிரெஞ்சு, ஜெர்மன் ஓபராக்களைச் சுவீடிஷில் பாடும்படி மாற்றினார். 1821இல் மோட்சார்ட்டின் ஃபிகாரோ முதன்முதலாகச் சுவீடனில் மேடையேறியபோது பாடப்பட்டது அவருடைய வரிகள். அதற்காகக் கோத்தியச் சங்கம் என்ற இலக்கிய அமைப்பு அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

பாட்டு வரியை மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அர்த்தம் வந்தால் மட்டும் போதாது. நீண்ட சுரத்தில் வாய் திறக்கும் உயிரெழுத்து வர வேண்டும், அழுத்தம் தாளத்தில் விழ வேண்டும், சிரிப்பு சரியான இடத்தில் வர வேண்டும். வருடக்கணக்கில் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்து, பாடகர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தவருக்கு இது கைவந்திருக்கிறது. மொழிகளில் அவர் கெட்டிக்காரர் என்று ஸ்வேயாபோரியிலேயே பெயர் எடுத்திருந்தார்.

அப்போது சுவீடனின் மன்னர் யார் தெரியுமா? பதினான்காம் கார்ல் யோஹான். பிரான்சில் பிறந்து நெப்போலியனின் படைத்தளபதியாக இருந்த பெர்னடாட். 1810இல் வாரிசாகத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்தார்கள். கடைசிவரை சுவீடிஷ் பேச வரவில்லை. பின்லாந்தில் பிறந்த கிளாரினெட் கலைஞர் மோட்சார்ட்டைச் சுவீடிஷில் பாட வைக்கிறார், அரியணையில் இருப்பவருக்குச் சுவீடிஷ் தெரியாது. "இந்த ஊர்க்காரர்" என்ற சொல்லை யாராவது அடித்துப் பேசினால் நான் 1821ஆம் வருடத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 3

அந்த ஊர் இசை முழுவதுமே வந்தவர்களால் ஆனது. க்ரூசெலுக்கு இசையமைப்பு சொல்லிக்கொடுத்த ஃபோக்லர் ஜெர்மானியர், அரசவை ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். அதே அரசவையில் இருந்த யோசெஃப் மார்ட்டின் கிராவுஸும் ஜெர்மானியர், ஹேஃப்னரும் அப்படியே. பிற்பாடு நடத்திய எத்வார்ட் து புய் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். நெப்போலியனைப் புகழ்ந்து பாடினார் என்று 1801இல் நாட்டைவிட்டே வெளியேற்றி, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டார்கள். க்ரூசெல் நான்கு மன்னர்களைப் பார்த்தார். ஒருவர் ஓபரா அரங்கிலேயே சுடப்பட்டு, சில நாளில் இறந்தார், ஒருவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். இவர் நாற்காலி மட்டும் அசையவில்லை.

மார்ச் 20

"இரண்டாம் கிளாரினெட்தானே, முதல் நாற்காலிக்கு ஏன் முயலவில்லை?" என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள். முயன்றேன். வேறொரு பேண்டில், ஐந்து வருடம் முன்னால். வாசித்து முடித்ததும் நன்றாக இருந்தது என்றார்கள். பிறகு, முதல் நாற்காலிக்காரர் குழுவோடு பேசிப் பழக வேண்டும், உங்கள் உச்சரிப்பு மற்றவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம் என்றார்கள். கருவிக்கு ஏது உச்சரிப்பு? அன்று ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது இருக்கும் பேண்டில் நானாகவே ஒரு வேலையை எடுத்துச் செய்கிறேன். ஓபோ என்ற இன்னொரு ஊதுகருவியை வாசிக்க ஆள் இல்லாத வாரங்களில் ஓபோவின் வரிகளைக் கிளாரினெட்டுக்கு மாற்றி எழுதிக் கொடுப்பது. இரண்டு மணி நேர வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் வியாழக்கிழமை ஒத்திகையில் அந்த இடத்தில் ஓட்டை விழாமல் பாட்டு நகரும்போது ஒரு நிறைவு. லின்ஷோப்பிங் கோடைகளை நான் விடாமல் பேசுவது இதனால்தான்.

ஏப்ரல் 5

"இவ்வளவு பெரியவர் என்றால் ஏன் நமக்குத் தெரியாமல் போனார்?" நியாயமான கேள்வி. வாழும்போது தெரியாதவர் இல்லை. லில்லா ஸ்லாவின்னன் என்ற அவருடைய ஓபரா 1824இல் மேடையேறி, 14 வருடத்தில் 34 தடவை நடந்தது. எசாயாஸ் தெங்னேர் என்ற சுவீடிஷ் கவிஞரின் பிரித்யோஃப் காவியப் பாடல்களுக்கு 1826இல் மெட்டமைத்துத் தொகுப்பு வெளியிட்டார். 1837இல் சுவீடிஷ் அகாதமியின் தங்கப் பதக்கம், வாசா விருது. இறந்த பிறகுதான் மங்கிப்போனார். சுவீடனுக்கு அவர் பின்லாந்துக்காரர், பின்லாந்துக்கு அவர் சுவீடனில் வாழ்ந்தவர். இரண்டு வீட்டிலும் படம் மாட்ட ஆணி இல்லை.

திரும்ப வந்தது போன நூற்றாண்டின் பிற்பகுதியில். 1982 முதல் ஊசிகௌபுங்கியில் ஒவ்வொரு கோடையிலும் க்ரூசெல் வாரம் என்று மரக்காற்றுக் கருவிகளுக்கான விழா நடக்கிறது. 1984இல் பிரிட்டனில் எம்மா ஜான்சன் என்ற இளம் பெண் பிபிசி இளம் இசைக்கலைஞர் போட்டியில் வென்றது அதே எஃப் மைனர் கன்செர்ட்டோவை வாசித்துத்தான். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் யார் இந்த க்ரூசெல் என்று தேட ஆரம்பித்தார்கள். பழைய பாணிக் கருவியில் கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஆன்டனி பே வாசித்த பதிவைக் கேளுங்கள். மார்ட்டின் ஃப்ரோஸ்ட் வாசித்ததும் இருக்கிறது. அது இன்றைய கருவி, வேகம் மூச்சுமுட்டும்.

ஏப்ரல் 18

முதல் கேள்வியைக் கேட்டவர் தனிமடல் போட்டிருந்தார். இங்கே எழுத அனுமதி வாங்கிவிட்டேன். புலம்பெயர்ந்தவர் என்ற சொல்லை இன்னும் முழுதாக ஏற்கவில்லையாம். "1809இல் புலம் அவரைவிட்டுப் பெயர்ந்தது என்று வேண்டுமானால் எழுதுங்கள்" என்கிறார். எழுதிவிட்டேன். என் முதல் குறிப்பைவிட இது சரியாக இருக்கிறது.

இன்னொன்றையும் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவரும் கிளாரினெட் வாசிப்பவர், துர்குவில் இருக்கிறார். விட்டு நான்கு வருடம் ஆகிறதாம். இந்த இழையைப் படித்து ரீட் வாங்கியிருக்கிறார்.

ஜூலைக் கடைசியில் ஸ்டாக்ஹோமிலிருந்து துர்குவுக்கு இரவுக் கப்பலில் இடம் போட்டுவிட்டேன். அங்கிருந்து ஊசிகௌபுங்கிக்குப் பஸ்ஸில் வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். டூயட் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன். முதல் கிளாரினெட் பாகத்தில் என் ஆசிரியரின் பென்சில் குறிகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அந்தப் பாகம் உங்களுக்கு. முதல் பக்கம் நான்காம் வரியில் அவர் மூச்சு வாங்கச் சொல்லிக் குறித்த இடத்தைத் தவற விடாதீர்கள், அடுத்த மூச்சுக்கு ரொம்ப தூரம்.